எஞ்சின் அறையின் தூசி: அமெரிக்கக் கடற்படையினரும் கல்நார் நோய்க்கான இழப்பீடும்

நீராவியில் இயங்கிய போர்க்கப்பலில், கொதிகலனில் பிறக்கும் வெப்பம் டர்பைனைச் சென்றடையும் வரை வழியில் சிதறாமல் காக்கப்பட வேண்டும். அந்தக் காப்பு வேலைக்கு அமெரிக்கக் கடற்படை 1930-களிலிருந்து 1970-களின் நடுப்பகுதி வரை பெரிதும் நம்பியிருந்த பொருள், கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸ். இரண்டாம் உலகப் போர்க்காலத்து டெஸ்ட்ராயர் கப்பல்களில் நீராவி, சதுர அங்குலத்துக்கு 600 பவுண்டு அழுத்தத்திலும் 850 பாகை ஃபாரன்ஹீட் வெப்பத்திலும், அதாவது ஏறத்தாழ 450 பாகை செல்சியஸில், குழாய்களுக்குள் ஓடியது. போருக்குப் பிந்தைய கப்பல்கள் பலவற்றில் அழுத்தம் 1,200 பவுண்டு வரை உயர்ந்தது. அத்தகைய குழாயை உறையின்றி விட்டால் எரிபொருள் வீணாகும், தீப்பிடிக்கும், அருகில் நின்று எவரும் வேலை செய்யவும் முடியாது என்பதால், கொதிகலன், டர்பைன், பம்பு, வால்வு, குழாய் ஆகிய அனைத்தின் மீதும் இந்த இழைப்பொருள் போர்த்தப்பட்டது. அவற்றின் இணைப்புகளுக்குள்ளும் அது திணிக்கப்பட்டது.

கல்நார் என்பது ஒரே கனிமத்தின் பெயர் அன்று. மெல்லிய இழைகளாகப் பிரியக்கூடிய ஆறு சிலிக்கேட் கனிமங்களுக்கு வழங்கும் பொதுப்பெயர் அது. அவற்றுள் வெண்ணிறக் கிரைசோடைல், பழுப்புநிற அமோசைட், நீலநிறக் குரோசிடோலைட் ஆகிய மூன்றும் வணிகத்தில் மிகுதியாகப் புழங்கியவை. தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களிலிருந்து வந்த அமோசைட், எடை குறைந்ததாகவும் கடல்நீரைத் தாங்குவதாகவும் இருந்ததால் கடற்படையின் தனி விருப்பத்தைப் பெற்றது. தமிழ் வாசகர் வீட்டுக் கூரைகளில் காணும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் கிரைசோடைல் இழைகள் சிமெண்டுக்குள் இறுகிக் கிடப்பதால், அறுக்கும்போதும் உடைக்கும்போதும் சிதையும்போதுமே தூசி மிகுதியாகக் கிளம்பும். கப்பல் குழாயின் மேலிருந்த உறையோ கையால் அழுத்தினாலே பொடியாகக்கூடியது. அந்தக் காரணத்தாலேயே கூரைக்குக் கீழ் வாழ்பவருக்கும் எஞ்சின் அறையில் வேலை செய்தவருக்கும் நேர்ந்த பாதிப்பின் அளவை ஒன்றாக எடைபோட முடியாது.

எஞ்சின் அறை வேலையின் ஒரு சிறு பகுதியை மட்டும் அருகிருந்து பார்த்தால், இந்த அளவு எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். இரு குழாய்கள் சேரும் ஃபிளாஞ்சில் நீராவி கசிந்தால், முதலில் அதன் மேலிருந்த உறையைக் கத்தியாலும் சுத்தியலாலும் பெயர்த்தெடுக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் வெப்பத்தில் காய்ந்த உறை, பெயர்க்கும்போதே தூளாக உதிரும். பிறகு போல்ட்டுகளைக் கழற்றி, ஃபிளாஞ்சின் முகத்தில் சுட்டு ஒட்டிப்போன பழைய கேஸ்கெட்டைச் சுரண்டியாலும் கம்பித் தூரிகையாலும், சில வேளைகளில் மின்சாரத்தால் சுழலும் கம்பிச் சக்கரத்தாலும், உலோகம் பளிச்சிடும் வரை தேய்த்தெடுப்பர். அந்தக் கேஸ்கெட்டும் பெரும்பாலும் கல்நார் கலந்த தகடே. புதிய கேஸ்கெட்டை, கல்நார்த் தகட்டை ஃபிளாஞ்சின் மேல் வைத்து விளிம்பைச் சுத்தியலால் தட்டி வெட்டிக்கொள்வர். வால்வின் தண்டைச் சுற்றிய பேக்கிங் எனப்படும் கயிற்றுத் திரி இறுகிப்போயிருந்தால், அதைக் கொக்கியால் இழுத்தெடுத்துவிட்டு, எஞ்சிய துகளை அழுத்தக் காற்றால் ஊதி வெளியேற்றுவர். எல்லாம் முடிந்தபின், மூட்டையிலிருந்து கல்நார்ச் சிமெண்டுப் பொடியை வாளியில் கொட்டித் தண்ணீர் விட்டுப் பிசைந்து, பெயர்த்த இடத்தில் மீண்டும் பூச வேண்டும். இத்தனையும் நடந்தது நீர்மட்டத்துக்குக் கீழே, அடைத்த எஃகுச் சுவர்களுக்குள்.

இந்த வேலைகளைச் செய்த பதவிகளுக்குக் கடற்படையில் தனித்தனிப் பெயர்கள் இருந்தன. டர்பைன், பம்பு முதலியவற்றைப் பார்த்துக்கொண்டவர் மெஷினிஸ்ட்ஸ் மேட். கொதிகலனுக்குப் பொறுப்பானவர் முற்காலத்தில் வாட்டர் டெண்டர், பிற்காலத்தில் பாய்லர் டெக்னீஷியன். டீசல் எஞ்சின்களைக் கவனித்தவர் என்ஜின்மேன். இவர்களுக்குக் கீழே புதிதாகச் சேர்ந்த ஃபயர்மேன். கப்பல் பழுதுபார்ப்புக்காகத் துறைமுகத் தளத்துக்குள் சென்றபோதும் இவர்களில் பலர் கப்பலிலேயே தங்கி, தளத் தொழிலாளர்கள் கிளப்பிய தூசியையும் சேர்த்தே சுவாசித்தனர். படுக்கை அறைகளின் மேற்கூரையை ஒட்டியும் உறையிட்ட குழாய்கள் ஓடியதால், பணி நேரம் முடிந்தும் தூசியிலிருந்து முழு விடுதலை கிடைக்கவில்லை.

சுவாசத்தோடு உள்ளே போகும் நுண்ணிழைகளை நுரையீரலால் கரைக்கவோ முற்றிலும் வெளியேற்றவோ முடிவதில்லை. நுரையீரல் திசு தழும்பேறி இறுகுவது ஆஸ்பெஸ்டோசிஸ். நுரையீரலைப் போர்த்தியுள்ள சவ்வு ஆங்காங்கே தடித்துப்போவது புளூரல் பிளேக். அந்தச் சவ்விலோ வயிற்றறைச் சவ்விலோ தோன்றும் புற்றுநோய் மெசோதீலியோமா. இவை தவிர நுரையீரல் புற்றுநோயும் குரல்வளைப் புற்றுநோயும் கல்நாரால் வருபவையாக ஏற்கப்பட்டுள்ளன. மெசோதீலியோமாவுக்கும் தூசியைச் சுவாசித்த காலத்துக்கும் இடையே பொதுவாக 20 முதல் 50 ஆண்டுகள் கழிவதால், 19 வயதில் ஃபயர்மேனாகச் சேர்ந்தவருக்கு நோய் தெரியவரும்போது அவர் பேரன் பேத்தி கண்டவராக இருப்பார். இழப்பீட்டுச் சிக்கல்கள் பெரும்பாலானவற்றுக்கும் வேர் இந்த நீண்ட இடைவெளியே.

ஆபத்து அறியப்படாத காலம் அது என்று சொல்லி இந்த வரலாற்றைக் கடந்துவிட இயலாது. பிரிட்டனில் மெரிவெதர், பிரைஸ் ஆகிய இருவர் கல்நார் நெசவாலைத் தொழிலாளரிடையே நடத்திய ஆய்வு 1930-இலேயே வெளிவந்தது. 1943-இல் அமெரிக்கக் கடற்படைத் துறையும் கடல்சார் ஆணையமும் சேர்ந்து ஒப்பந்தக் கப்பல் கட்டுந்தளங்களுக்கு வகுத்த பாதுகாப்பு விதிகள், கல்நார் வேலையைத் தனி இடத்தில் செய்ய வேண்டும், காற்றோட்டமும் சுவாசக் கவசமும் தேவை என்று கூறின. ஆனால் அவை கரையிலிருந்த தளங்களுக்காக எழுதப்பட்டவை. அதே உறையைக் கடலில் பெயர்த்தெடுத்த மாலுமியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அல்ல. 1946-இல் ஃபிளைஷர், டிரிங்கர் முதலியோர் குழாய் உறையிடும் தொழிலாளர் 1,074 பேரை ஆராய்ந்து, மூவருக்கு மட்டுமே ஆஸ்பெஸ்டோசிஸ் இருந்ததாகக் கண்டு, அந்த வேலை ஒப்பளவில் பாதுகாப்பானது என்று முடிவு கட்டினர். ஆராயப்பட்டவர்களில் ஏறக்குறைய 95 விழுக்காட்டினர் அத்தொழிலில் பத்தாண்டுகூட முடிக்காதவர்கள் என்பது அக்கட்டுரையிலேயே இருந்தும், நோய் முதிரப் போதிய காலம் கழியவில்லை என்ற உண்மைக்கு உரிய எடை தரப்படவில்லை. அந்த முடிவு பல்லாண்டுகள் மேற்கோளாகப் புழங்கியதுதான் இவ்வரலாற்றின் மிகக் கொடிய பகுதி. 1960-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாக்னரும் உடனாய்வாளர்களும் 33 மெசோதீலியோமா நோயாளிகளைப் பற்றி எழுதினர். 1964-இல் நியூயார்க்கில் இர்விங் செலிகாஃப் காப்புறைத் தொழிலாளரின் மரண விவரங்களை வெளியிட்டார். அவற்றுக்குப் பின்னரும் கடற்படை புதிய கப்பல்களில் இந்த உறையைக் கைவிட ஏறத்தாழ பத்தாண்டு ஆனது; பழைய கப்பல்களில் ஏற்கெனவே இருந்தது அதன் பின்னும் நெடுநாள் நீடித்தது.

எஞ்சின் அறைப் பணிக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை மிகத் தெளிவாகக் காட்டிய ஆய்வு, வேறொரு நோக்கத்துக்காகத் தொடங்கப்பட்ட ஒன்று. அணுகுண்டுச் சோதனைகளில் பங்கேற்ற ஏறத்தாழ 1,14,000 அமெரிக்கப் படைவீரர்களிடையே கதிர்வீச்சின் விளைவை அறியப் பல்லாண்டுகள் மரண விவரம் திரட்டப்பட்டபோது, மெசோதீலியோமா மரணங்கள் பொதுமக்களிடம் எதிர்பார்க்கக்கூடியதைவிட மிகுந்திருந்தன. அந்த மிகுதி கதிர்வீச்சால் வந்தது அன்று. பசிபிக் சோதனைகளில் கப்பல்களில் இருந்த கடற்படையினரிடம் மட்டுமே அது காணப்பட்டது. அவர்களுக்குள்ளும் மெஷினிஸ்ட்ஸ் மேட், பாய்லர் டெக்னீஷியன், வாட்டர் டெண்டர், பைப் ஃபிட்டர், ஃபயர்மேன் என்ற ஐந்து பதவிகளில் இருந்தவர்களிடம் அது எதிர்பார்ப்பைப் போல் ஏறத்தாழ ஆறரை மடங்காக இருந்தது. ஒரே கப்பலில், ஒரே கடலில் இருந்தவர்களைப் பதவி பிரித்துக் காட்டிய இந்த எண், எந்த வழக்கறிஞரின் வாதத்தையும்விட வலுவான சான்று.

இவ்வளவு தெளிவான கேட்டுக்கு, அந்தப் பொருளைத் தேர்ந்து வாங்கிப் பொருத்திய அரசின் மீது படைவீரர் வழக்குத் தொடுக்க முடியாது. 1950-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஃபெரஸ் வழக்கில் அளித்த தீர்ப்பு, பணியின் தொடர்பில் நேர்ந்த பாதிப்புக்காகப் படைவீரர் அரசிடம் நட்டஈடு கோரி வழக்காட இயலாது என்று வரையறுத்தது. அது இன்றளவும் மாறவில்லை. ஆகவே எஞ்சியிருப்பவை இரண்டு வழிகள்: முன்னாள் படைவீரர் நலத் துறையிடம் பெறும் மாத இழப்பீடு ஒன்று, கல்நார்ப் பொருள்களைச் செய்து விற்ற நிறுவனங்களிடம் பெறும் தொகை மற்றொன்று. ஒன்றைப் பெற்றால் மற்றொன்று பறிபோகும் என்று பல குடும்பங்கள் அஞ்சி ஒதுங்குவது தேவையற்றது. நலத் துறையின் உடற்குறை இழப்பீடு வருமானத்தைப் பார்த்து வழங்கப்படுவது அன்று. நிறுவனங்களிடமிருந்து வரும் தொகையால் அது குறையாது. வறுமை நிலையைப் பார்த்து வழங்கப்படும் ஓய்வூதியத்துக்கு மட்டுமே அத்தொகை வருமானமாகக் கணக்கில் வரும்.

நலத் துறையின் வழியில் மூன்று செய்திகளை நிறுவியாக வேண்டும். நோய் உண்டு என்பதற்கு மருத்துவச் சான்று, பணிக்காலத்தில் கல்நார்த் தூசி பட்டது என்பதற்குப் பணி ஆவணம், இரண்டையும் இணைக்கும் மருத்துவரின் கருத்து ஆகியவையே அவை. பணி ஆவணங்களில் முதன்மையானது டி.டி. 214 என்று அழைக்கப்படும் பணிவிடுப்புச் சான்று. அதில் பதவிப் பெயர் இருக்கும். கடற்படைப் பதவிகளைத் தூசி பட்டிருக்கும் வாய்ப்பின்படி மிகக் குறைவு, வாய்ப்புண்டு, மிகுந்த வாய்ப்புண்டு என வகுத்த ஒரு பட்டியலைத் துறையே தன் கையேட்டில் வைத்திருக்கிறது. எஞ்சின் அறைப் பதவிகள் அதன் மேல் இரு வகைகளில் அடங்குவதால் இரண்டாம் செய்தியை நிறுவுவது பெரும்பாலும் கடினமன்று. கடினம் மூன்றாவதில்தான். நோய் பணியினால் வந்திருக்க, வந்திராமலிருப்பதற்கு இணையான வாய்ப்பேனும் உண்டு என்று மருத்துவர் காரணத்தோடு எழுத வேண்டும். ‘இருக்கலாம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திய கடிதங்கள் பயன்படுவதில்லை. மெசோதீலியோமாவுக்குக் கல்நார் தவிர வேறு காரணம் அரிது என்பதால் அங்கே சிக்கல் குறைவு. நுரையீரல் புற்றுநோய் கண்டவர் புகைபிடித்தவராகவும் இருந்தால் சிக்கல் பெரிது. புகையிலைப் பழக்கத்தை மட்டும் காரணமாகக் காட்டும் கோரிக்கைகளை 1998-இல் வந்த சட்டம் தடுத்துவிட்டது உண்மை. ஆனால் கல்நாரும் புகையும் சேர்ந்தால் ஆபத்து பன்மடங்கு பெருகுகிறது என்பதைச் செலிகாஃபின் குழு 1979-இலேயே காட்டியிருக்கிறது: இரண்டுமற்றவரை ஒப்பிட, கல்நார் மட்டும் பட்டவருக்கு ஏறத்தாழ 5 மடங்கு, புகை மட்டும் உள்ளவருக்கு 11 மடங்கு, இரண்டும் உள்ளவருக்கு 50 மடங்குக்கு மேல். எனவே புகைபிடித்தவர் என்ற காரணத்தால் கல்நாரின் பங்கு இல்லாமற் போவதில்லை. மருத்துவரின் கருத்தில் அது வெளிப்படையாக எழுதப்பட வேண்டும்.

இழப்பீட்டின் அளவு உடற்குறை விழுக்காட்டால் முடிவாகிறது. ஆஸ்பெஸ்டோசிஸுக்கு, ஒரே மூச்சில் வெளியேற்றக்கூடிய காற்றின் அளவு அந்த வயதினருக்குரியதில் 75 முதல் 80 விழுக்காடாக இருந்தால் 10 விழுக்காட்டு உடற்குறை, 65 முதல் 74 வரை இருந்தால் 30, 50 முதல் 64 வரை இருந்தால் 60, 50-க்கும் கீழே போனால் 100 என்பது கணக்கு. நுரையீரலிலிருந்து இரத்தத்துக்கு வாயு கடக்கும் திறனை அளந்தும் இதே போன்ற படிநிலைகள் உண்டு. மெசோதீலியோமாவும் நுரையீரல் புற்றுநோயும் முனைப்பாக இருக்கும் காலத்தில் 100 விழுக்காடு. பிளேக் மட்டும் இருந்து மூச்சுத்திறன் குறையாதவருக்கு மாதத் தொகை கிடைப்பது அரிது என்றாலும், அதைப் பதிவு செய்து வைப்பது பின்னாளில் நோய் முற்றும்போது உதவும். நோயால் படைவீரர் இறந்துவிட்டால், துணைவருக்கும் சார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும், சில நிலைகளில் பெற்றோருக்கும், தனி மாத உதவித்தொகை உண்டு. இறந்த ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் அது இறந்த மாதத்திலிருந்தே கணக்காகும். விண்ணப்பிக்கும் எண்ணத்தை முன்கூட்டியே பதிவு செய்தால், ஆவணங்களைத் திரட்ட ஓராண்டு கிடைக்கும், தொகையும் பதிவு செய்த நாளிலிருந்து கணக்கிடப்படும். முதல் விண்ணப்பத்துக்கு எவரும் கட்டணம் வாங்குவது சட்டவிரோதம். அமெரிக்கன் லீஜியன், டிஸேபிள்டு அமெரிக்கன் வெட்டரன்ஸ் போன்ற அமைப்புகளின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் இலவசமாகவே உதவுகின்றனர்.

நிறுவனங்களின் வழி இதைவிடச் சிக்கலானது. 1973-இல் டெக்சஸ் மாநிலக் காப்புறைத் தொழிலாளர் ஒருவர் சார்பில் நடந்த போரல் வழக்கில், ஆபத்தை அறிவிக்காமல் கல்நார்ப் பொருள் விற்றவர் அதற்குப் பொறுப்பு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தபின் வழக்குகள் பெருகின. மிகப் பெரிய உற்பத்தியாளரான ஜான்ஸ்-மேன்வில் 1982-இல் திவால் பாதுகாப்பு கோரியது. அதன் விளைவாக 1988-இல் உருவான அறக்கட்டளையை மாதிரியாகக் கொண்டு, 1994-இல் அமெரிக்கக் காங்கிரஸ் திவால் சட்டத்தைத் திருத்தியது: நிறுவனம் ஒரு நிதியை ஒதுக்கி அறக்கட்டளை அமைத்துவிட்டால், இன்றைய நோயாளியும் இனிவரும் நோயாளியும் அதனிடமே கோர வேண்டும், நிறுவனத்தின் மீது வழக்கு இல்லை. கப்பல் கொதிகலன் செய்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ், கம்பஸ்டியன் எஞ்சினியரிங் உட்பட, இவ்வாறு அமைந்த அறக்கட்டளைகள் 60-க்கும் மேல். இனி வருவோருக்கும் பணம் மிஞ்ச வேண்டும் என்பதால், இவை நிர்ணயித்த மதிப்பில் ஒரு பங்கையே தருகின்றன. மேன்வில் அறக்கட்டளை 1995-இல் 10 விழுக்காடு என்றும் 2001-இல் 5 விழுக்காடு என்றும் தன் பங்கைக் குறைத்தது. எனினும் ஒருவர் தாம் கையாண்ட பொருள்களின் பெயரை எத்தனை நினைவுகூர்கிறாரோ அத்தனை அறக்கட்டளைகளிடம் கோர முடிகிறது.

திவாலாகாத நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுக்கலாம். பம்பும் டர்பைனும் செய்தவர்கள், தாங்கள் வெறும் உலோகத்தையே விற்றதாகவும் கல்நார் உறையைப் பிற்பாடு கடற்படையே சேர்த்ததாகவும் சொல்லி நெடுநாள் தப்பித்துவந்தனர். 2019 மார்ச்சில் டெவ்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அதை மறுத்தது. கல்நார் உறுப்பு இல்லாமல் இயங்காத கருவியை விற்றவர், சேர்ந்தபின் அது ஆபத்தாகும் என்று அறிந்திருந்தோ அறியக் காரணமிருந்தோ, பயன்படுத்துவோர் அந்த ஆபத்தை உணர்வர் என்று நம்பக் காரணமும் இல்லாதிருந்தால், எச்சரிக்கும் கடமை அவருக்கு உண்டு என்பது கடல்சார் சட்டத்தின்படி அத்தீர்ப்பின் சாரம். ஃபிளாஞ்சைச் சுரண்டியவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள தீர்ப்பு அண்மைக்காலத்தில் வரவில்லை. எனினும், அரசு வகுத்த விவரக்குறிப்பின்படியே செய்தோம் என்று வாதிட 1988-இன் பாயில் தீர்ப்பு தந்த தற்காப்பு இன்னும் நிறுவனங்களின் கையில் இருக்கிறது. காலவரம்பும் உண்டு: கடல்சார் சட்டத்தில் மூன்று ஆண்டு, மாநிலச் சட்டங்களில் அதைவிடக் கூடவோ குறையவோ, பெரும்பாலும் நோயும் அதன் காரணமும் தெரியவந்த நாளிலிருந்து அது எண்ணப்படும்.

இவ்விரு வழிகளும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன: எண்பது வயது நோயாளி, அறுபது ஆண்டுக்கு முன் எந்தக் கப்பலில் எந்த நிறுவனத்தின் பம்பில் எந்தக் கேஸ்கெட்டைச் சுரண்டினார் என்று சொல்ல வேண்டும், நோய்க்குப் பணியே காரணம் என்று மருத்துவரிடம் எழுதியும் வாங்க வேண்டும். வேறு நச்சுகளின் விஷயத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் இந்தச் சுமையைக் குறைத்திருக்கிறது. ஏஜென்ட் ஆரஞ்ச் களைக்கொல்லிக்கு 1991-இலும், படைமுகாம்களில் குப்பை எரித்த குழிகளின் புகைக்கு 2022-இன் பாக்ட் சட்டத்திலும், குறித்த இடத்தில் குறித்த காலத்தில் பணியாற்றியவருக்குக் குறித்த நோய் வந்தால் அது பணியால் வந்ததாகவே கொள்ளப்படும் என்ற அனுமானம் சட்டமாயிற்று. நீராவிக் கப்பல்களின் எஞ்சின் அறைக்கு அத்தகைய பொது அனுமானம் இல்லை. பதவிப் பட்டியலைத் துறையே வைத்துக்கொண்டு, ஐந்து பதவிகளில் ஆறரை மடங்கு மரணம் பதிவான பின்னும், ஒவ்வொரு நோயாளியும் தனித்தனியே காரணத்தை நிறுவ வேண்டும் என்று நிற்பது நியாயமன்று. மெசோதீலியோமாவுக்கும் ஆஸ்பெஸ்டோசிஸுக்குமாவது அந்த அனுமானம் வந்தே ஆக வேண்டும்.

அது வரும் வரை, நோய் தோன்றக் காத்திராமல் நினைவு தெளிவாக இருக்கும்போதே கப்பலின் பெயர், ஆண்டு, செய்த வேலை, கருவிகளின் தயாரிப்பு நிறுவனங்கள், உடன் பணியாற்றியவர்கள் ஆகிய விவரங்களைக் குடும்பத்தினர் எழுதி வாங்கி வைக்க வேண்டும். வணிகக் கப்பல்களில் புதிதாகக் கல்நார் பொருத்துவது உலக அளவில் முற்றாகத் தடைசெய்யப்பட்டது 2011 ஜனவரி 1-இல்தான் என்பதால், அதற்கு முந்தைய கப்பல்களின் எஞ்சின் அறைகளில் பணியாற்றிய மரைன் எஞ்சினியர்கள் இருக்கும் தமிழ்க் குடும்பங்களும் இந்தக் குறிப்பை எழுதி வைப்பதும், மூச்சுத்திணறலுக்கு மருத்துவரிடம் செல்லும்போது அந்தப் பணிக்காலத்தை மறவாமல் சொல்வதும் தேவை.